இரைப்பைப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் வரும் புரத மார்க்கர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்டோஸ்கோபியில் எடுத்த துணுக்கு பயாப்ஸிக்குப் போய், 'அடினோகார்சினோமா' (சுரப்பிச் செல்லில் எழும் புற்று) என்று ரிப்போர்ட் வரும். சில நாள் கழித்து இன்னொரு தாள் வரும். ஹெர்2, பி.டி.-எல்1, எம்.எல்.எச்.1, கிளாடின் என்று அதில் பெயர்கள். எதிரே எண்களும் கூட்டல் குறிகளும். முதல் தாளைவிட வீட்டாரைக் குழப்புவது இந்த இரண்டாவது தாள்தான். அதை வைத்துக்கொண்டு வீட்டார் கேட்கும் கேள்விகளும், ஆய்வுக்கூடப் படிப்பில் இருக்கும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளும் இங்கே கலந்தே இருக்கின்றன. எந்த மருந்து என்பதை உங்கள் ஆன்காலஜிஸ்ட்தான் சொல்லவேண்டும். தாளில் இருப்பது என்ன என்று புரிந்துகொள்ள இது உதவும்.

புரத மார்க்கர் என்றால் என்ன?

புற்றுச் செல் அளவுமீறி உண்டாக்கும் புரதமாக இருக்கலாம். உண்டாக்கவேண்டியதை நிறுத்திவிட்ட புரதமாகவும் இருக்கலாம். ரத்தத்தில் கசிந்து வருவதை ரத்தப் பரிசோதனையில் அளக்கலாம். சி.இ.ஏ. அப்படிப்பட்டது. செல்லின் சவ்விலோ கருவிலோ இருப்பதைப் பார்க்க, பயாப்ஸித் துணுக்கை மெல்லிய சீவலாக வெட்டி, அந்தப் புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை இட்டு, பழுப்பு நிறம் ஏறுகிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். இதற்குத்தான் ஐ.எச்.சி. என்று பெயர். இரைப்பைப் புற்றில் இன்று மருந்தை முடிவு செய்யும் மார்க்கர்கள் பெரும்பாலும் இப்படித் துணுக்கில் பார்ப்பவை.

ஹெல்த் செக்கப் பேக்கேஜில் சி.இ.ஏ., சி.ஏ. 19-9 இரண்டும் நார்மல். அப்படியானால் வயிற்றில் புற்று இல்லை என்று இருக்கலாமா?

இருக்க முடியாது. சி.இ.ஏ.வை 1965-இல் கண்டுபிடித்தார்கள். அதைக் கொண்டு புற்றை முன்கூட்டியே பிடித்துவிடலாம் என்ற ஆசை அப்போதிருந்தே உண்டு. இரைப்பையைப் பொறுத்தவரை அது பலிக்கவில்லை. ஜப்பானிய மருத்துவர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியிட்ட கணக்கில், இரைப்பைப் புற்று உறுதியானவர்களிலேயே சி.இ.ஏ. உயர்ந்திருந்தது 21 சதவீதம் பேருக்கு, சி.ஏ. 19-9 சுமார் 28 சதவீதம், சி.ஏ. 72-4 சுமார் 30 சதவீதம். அதாவது நோய் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்தத் தாள் 'நார்மல்' என்றே வரும். ஆரம்பநிலைப் புற்றில் நிலைமை இன்னும் மோசம்.

மறுபக்கமும் இருக்கிறது. பீடி, சிகரெட் பிடிப்பவருக்குச் சி.இ.ஏ. கொஞ்சம் ஏறியே இருக்கும். பித்தக்குழாயில் கல் அடைத்து மஞ்சள் காமாலை வந்தால் சி.ஏ. 19-9 எகிறும். கூடவே, மக்களில் ஒரு சிறு பகுதியினருக்கு, சுமார் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு, சி.ஏ. 19-9 உண்டாக்கும் திறனே பிறவியில் கிடையாது. அவர்களுக்குப் புற்று முற்றினாலும் அந்த எண் அசையாது. (சி.ஏ. 19-9 கறாராகப் பார்த்தால் ஒரு சர்க்கரைத் தொடர். புரதத்தில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் திரிவதால் இந்தக் கூட்டத்தில் சேர்த்துப் பேசுகிறோம்.)

பசியின்மை, காரணமில்லாத எடைக்குறைவு, கறுப்பாக மலம், விழுங்கக் கஷ்டம் என்று ஏதாவது இருந்தால் ரத்தப் பரிசோதனைக்குச் செலவழிக்காமல் எண்டோஸ்கோபி செய்துகொள்ளுங்கள். செக்கப் பேக்கேஜில் 'கேன்சர் மார்க்கர்' என்று சேர்த்து விற்பது எனக்கு உடன்பாடான விஷயம் அல்ல. நார்மல் என்று வந்தவர் நிம்மதியாக மேலும் சில மாதம் ஆன்டாசிட் குடித்துக்கொண்டிருப்பார்.

பிறகு ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் டாக்டர் ஏன் அதையே எழுதிக் கொடுக்கிறார்?

அங்கே கேள்வி வேறு. ஆபரேஷனுக்கு முன் உயர்ந்திருந்த சி.இ.ஏ. கட்டியை எடுத்தபின் இறங்கவேண்டும். இறங்கிய எண் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறத் தொடங்கினால் நோய் திரும்புகிறதோ என்று ஸ்கேன் எடுப்பார்கள். சிலருக்கு ஸ்கேனில் தெரிவதற்கு இரண்டு, மூன்று மாதம் முன்பே எண் ஏறிவிடும். ஆபரேஷனுக்கு முன் எந்த எண்ணும் உயராதவருக்கு இதனால் பெரிய பயன் இல்லை.

ஒரே எண்ணைப் பார்த்து ராத்தூக்கம் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 4.8-க்கும் 5.3-க்கும் இடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. லேப் மாறினாலே அவ்வளவு மாறும். ஒரே லேபில், ஒரே முறையில், தொடர்ந்து எடுத்த எண்கள் எந்தப் பக்கம் போகின்றன என்பதுதான் செய்தி.

ஏ.எஃப்.பி. என்ற இன்னொரு ரத்த மார்க்கரும் உண்டு. வழக்கமாகக் கல்லீரல் புற்றுக்குப் பார்ப்பது. அரிதாகச் சில இரைப்பைக் கட்டிகள் இதை உண்டாக்கும். அவை கல்லீரலுக்குச் சீக்கிரம் பரவும் குணமுடையவை.

என் அப்பாவின் மார்க்கர் 'பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. அது நல்லதா, கெட்டதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

மார்க்கர் இரண்டு விதமான சேதி சொல்லலாம். சிகிச்சை எதுவானாலும் நோய் எந்தப் போக்கில் போகும் என்பது ஒன்று. குறிப்பிட்ட ஒரு மருந்து கேட்குமா என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கலாம். செல்சவ்வில் இருந்துகொண்டு செல்லை வளரத் தூண்டும் ஹெர்2 என்ற புரதத்தைப் பாருங்கள். இரைப்பையில் அது இருந்தால் ஆயுள் கூடுமா குறையுமா என்று ஆய்வுகள் இன்றும் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஹெர்2 பாசிட்டிவ் என்றால் அதைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்தைக் கொடுக்கலாம், பலன் உண்டு. நோய்ப்போக்கைச் சொல்வதில் தடுமாறும் மார்க்கர், மருந்தைத் தேர்வதில் உறுதியாக நிற்கிறது.

இதற்கு நேர் எதிரான கதை மெட் என்ற புரதத்துடையது. மெட் அதிகமாக உள்ள இரைப்பைக் கட்டிகள் மூர்க்கமானவை என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு வந்தது. சரி, மெட்டை அடக்கினால் நோய் அடங்கும் என்று மருந்து செய்தார்கள். ரிலோடுமுமாப் என்ற மருந்தை மெட் பாசிட்டிவ் நோயாளிகளுக்கே தேர்ந்தெடுத்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வை 2014-இல் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று: மருந்து பெற்ற குழுவில் இறப்பு அதிகமாக இருந்தது. ஒனார்டுசுமாப் என்ற இன்னொரு மெட் மருந்தும் கைகொடுக்கவில்லை. ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற இன்னொரு புரதத்தின் விஷயத்திலும் இப்படித்தான். 2013-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில் அதைத் தடுக்கும் செடுக்சிமாபும் பானிடுமுமாபும் கீமோவோடு சேர்ந்தும் ஆயுளைக் கூட்டவில்லை. பானிடுமுமாப் குழுவின் சராசரி ஆயுள் 8.8 மாதம், வெறும் கீமோ குழுவுக்கு 11.3 மாதம்.

ஆக, 'மோசமான கட்டியின் அடையாளம்' என்பதால் மட்டும் ஒரு புரதம் மருந்துக்கு இலக்காகிவிடாது. தாளில் ஒரு பெயரைப் பார்த்ததும் மருத்துவரிடம் கேட்கவேண்டியது: "இந்த ரிசல்ட்டால் எங்களுக்குக் கொடுக்கும் சிகிச்சை மாறுமா, டாக்டர்?"

ஹெர்2 பரிசோதனையில் 0, 1+, 2+, 3+ என்பவை என்ன?

செல்சவ்வில் பழுப்பு நிறம் எவ்வளவு அழுத்தமாக ஏறியிருக்கிறது என்பதற்கான மதிப்பெண். மார்பகப் புற்றில் ஏற்கெனவே இருந்த முறையை அப்படியே இரைப்பைக்குப் போட முடியவில்லை. மார்பகச் செல்லில் சவ்வு முழுக்கச் சுற்றிலும் நிறம் ஏறும். இரைப்பையின் சுரப்பிச் செல்லில் அடியிலும் பக்கவாட்டிலும் மட்டும் ஏறி, மேல்முனை வெறுமையாக நிற்கும். ஆங்கில 'யு' எழுத்துப்போலத் தெரியும். மார்பகக் கணக்குப்படி பார்த்தால் அதை 'முழுமையில்லை' என்று தள்ளிவிடுவோம். அதனால் 2008-இல் இரைப்பைக்கென்றே தனி விதி வகுத்தார்கள்.

மைக்ராஸ்கோப்பில் உட்காருபவர்களுக்கு ஒரு எளிய வழி உண்டு. 2.5 அல்லது 5 மடங்கு லென்ஸில், அதாவது மிகக் குறைந்த பெருக்கத்திலேயே, சவ்வின் பழுப்புக் கோடு கண்ணில் அடித்தால் 3+. 10 அல்லது 20 மடங்குக்குப் போனால்தான் தெரிகிறது என்றால் 2+. 40 மடங்கில் தேடிப் பிடிக்கவேண்டியிருந்தால் 1+. ஆபரேஷனில் எடுத்த பெரிய மாதிரியில் குறைந்தது 10 சதவீதப் புற்றுச் செல்களில் நிறம் இருக்கவேண்டும். சின்னப் பயாப்ஸியில் ஒன்றோடொன்று சேர்ந்த 5 செல் இருந்தாலே போதும்.

3+ என்றால் பாசிட்டிவ். 0, 1+ என்றால் நெகட்டிவ். 2+ வந்தால் முடிவு தெரியாது. ஃபிஷ் போன்ற பரிசோதனையில் ஹெர்2 மரபணு பெருகியிருக்கிறதா என்று பார்த்தே சொல்லமுடியும். 2+ ரிப்போர்ட்டோடு நின்றுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். செலவுக்குப் பயந்து அதை விட்டுவிடாதீர்கள்.

ஒரே கட்டி. ஓர் இடத்தில் நெகட்டிவ், இன்னோர் இடத்தில் பாசிட்டிவ் வருமா?

தாராளமாக வரும். இரைப்பைக் கட்டி ஒரே சீராக இருப்பதில்லை. ஒரு மூலையில் செல்கள் அடர்பழுப்பாக நிற்கும், பக்கத்துச் சுரப்பியில் ஒரு பொட்டு நிறம் இருக்காது. அதனால்தான் எண்டோஸ்கோபி செய்பவர் கட்டியின் வெவ்வேறு இடங்களிலிருந்து 6 முதல் 8 துணுக்காவது எடுக்கவேண்டும் என்கிறார்கள். இரண்டு துணுக்கு எடுத்து அனுப்பினால் புற்று என்று சொல்ல அது போதும். ஹெர்2 சொல்லப் போதாது.

துணுக்கை எடுத்தவுடன் ஃபார்மலினில் போடுவதும் முக்கியம். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் அதில் இருக்கவேண்டும். சனிக்கிழமை மாலை எடுத்த துணுக்கு நீண்ட விடுமுறை முழுக்க ஃபார்மலினிலேயே கிடந்தால் புரதத்தின் அடையாளம் மங்கும். ஆன்டிபாடி என்ன விலையானாலும் அதை மீட்காது.

ஹெர்2 பாசிட்டிவ் என்றால் பலன் எவ்வளவு?

'டோகா' ஆய்வு, 2010. ஹெர்2 பாசிட்டிவ் ஆன, பரவிய நோயாளிகளுக்குக் கீமோவோடு டிராஸ்டுசுமாப் சேர்த்தபோது சராசரி ஆயுள் 11.1 மாதத்திலிருந்து 13.8 மாதமானது. புரதம் உண்மையிலேயே மிகுதியாக இருந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 11.8-க்கு எதிராக 16 மாதம். மருந்து ஒன்றுதான், யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில் இவ்வளவு வித்தியாசம். அந்த ஆய்வுக்காகச் சோதித்தவர்களில் சுமார் 22 சதவீதம் பேர் பாசிட்டிவ். சுரப்பி வடிவம் கொண்ட 'குடல் வகை'க் கட்டிகளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. செல்கள் சிதறிப் பரவும் 'பரவல் வகை'யில் வெறும் 6 சதவீதம்.

அதற்குப் பிறகு டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் வந்தது. ஆன்டிபாடியின் முதுகில் கீமோ மருந்தை ஏற்றி ஹெர்2 இருக்கும் செல்லுக்கு அனுப்பும் மருந்து. 2020-இல் ஜப்பான், தென்கொரிய நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ஏற்கெனவே பல மருந்து பார்த்தவர்களில் 51 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. வழக்கமான கீமோவில் 14 சதவீதம்.

முதலில் பாசிட்டிவ் என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். இப்போது மறுபடி பயாப்ஸி கேட்கிறார்களே?

நியாயமான கோரிக்கைதான். டிராஸ்டுசுமாப் பெற்றவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு, மருந்து கேட்காமல் நோய் வளரும் நேரத்தில் ஹெர்2 காணாமல் போயிருக்கும். ஹெர்2 உள்ள செல்களை மருந்து அழிக்க, இல்லாதவை மிஞ்சிப் பெருகுகின்றன. 2025-இல் வெளியான ஆய்வில் இரண்டாம் கட்டச் சிகிச்சைக்கு முன் மறுபயாப்ஸி செய்து, ஹெர்2 இன்னும் இருப்பவர்களையே சேர்த்தார்கள். டெருக்ஸ்டெகான் பெற்றவர்களின் சராசரி ஆயுள் 14.7 மாதம், வேறு சிகிச்சை பெற்றவர்களுக்கு 11.4 மாதம். இரண்டு வருடத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டை வைத்து விலையுயர்ந்த மருந்தைத் தொடங்குவதைவிட இன்னொரு எண்டோஸ்கோபி மேல்.

பி.டி.-எல்1, 'சி.பி.எஸ். 5' என்கிறார்கள். ஐந்து சதவீதமா?

சதவீதம் அல்ல, ஒரு மதிப்பெண். பி.டி.-எல்1 என்பது உடலின் எதிர்ப்புச் செல்களிடமிருந்து புற்றுச் செல் தப்ப உதவும் புரதம். பி.டி.-எல்1 நிறமேறிய புற்றுச் செல், எதிர்ப்புச் செல்களான லிம்ஃபோசைட், மேக்ரோஃபேஜ் மூன்றையும் சேர்த்து எண்ணி, உயிருள்ள புற்றுச் செல்களின் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது. சீவலில் குறைந்தது 100 உயிருள்ள புற்றுச் செல் இல்லையென்றால் கணக்கே போடக்கூடாது.

எண் கூடக்கூட நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற, உடலின் எதிர்ப்புச் செல்களைப் புற்றின் மேல் ஏவும் இம்யூனோதெரபி மருந்துகளின் பலன் கூடுகிறது. 'செக்மேட் 649' ஆய்வில் சி.பி.எஸ். 5-ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குச் சராசரி ஆயுள் 11.1-லிருந்து 14.4 மாதமானது. 1-க்குக் கீழ் உள்ளவர்களுக்கு இந்த மருந்துகளைப் பயன்படுத்துவதற்கு எதிராக 2024 செப்டம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு பெருவாரியாக வாக்களித்தது.

மார்க்கர்களிலேயே இதுதான் வழுக்கல். ஒரே சீவலை இரண்டு நிபுணர்கள் பார்த்து ஒருவர் 4 என்பார், இன்னொருவர் 6 என்பார். இருவர் மீதும் தப்பில்லை. மேக்ரோஃபேஜைப் புற்றுச் செல்லிலிருந்து பிரித்து எண்ணுவது அவ்வளவு சுலபமல்ல. எல்லைக்கோட்டில் நிற்கும் எண் வந்தால் இன்னொரு நிபுணரிடம் காட்டலாம்.

எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6: இந்த நான்கில் 'லாஸ்' என்று போட்டிருந்தால்?

பயப்படவேண்டாம். 'லாஸ்' என்ற சொல்லைப் பார்த்து வீட்டில் அழுதவர்கள் உண்டு. உண்மையில் இரைப்பைப் புற்றில் இதைவிட நல்ல சேதி குறைவு. டி.என்.ஏ. நகலெடுப்பில் நேரும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் இவை. ஒன்று இல்லாமல் போனால் பிழைகள் குவிந்து, கட்டி உடலின் எதிர்ப்புச் செல்களுக்கு அந்நியமாகத் தெரிகிறது. ஆபரேஷன் செய்யும் கட்டத்தில் உள்ளவர்களுக்கு நோய்ப்போக்கு மற்றவர்களைவிட நன்றாக இருக்கிறது. இம்யூனோதெரபியும் நன்றாகக் கேட்கிறது. பிரான்ஸில் 2022-இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், இந்தக் குறை உள்ளவர்களுக்கு ஆபரேஷனுக்கு முன் இம்யூனோதெரபி மருந்து இரண்டைக் கொடுத்தார்கள். ஆபரேஷன் செய்துகொண்ட 29 பேரில் 17 பேரின் கட்டியில் உயிருள்ள புற்றுச் செல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இவர்களுக்கு வழக்கமான கீமோ எந்த அளவு உதவுகிறது என்பதே சந்தேகத்துக்குரியதாகியிருக்கிறது.

எம்.எல்.எச்.1-ம் பி.எம்.எஸ்.2-ம் ஜோடியாகப் போவது வயதானவர்களிடம் சகஜம், பெரும்பாலும் பரம்பரை அல்ல. எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 போயிருந்தால் லின்ச் நோய்க்குறி என்ற பரம்பரைக் கோளாறா என்று மரபணு ஆலோசனை பெறவேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: 'லாஸ்' என்று எழுதுமுன் பக்கத்தில் உள்ள லிம்ஃபோசைட்டின் கருவில் பழுப்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அதிலும் ஏறவில்லையென்றால் சாயமிடுதல்தான் சரியில்லை.

கிளாடின் 18.2 புதிதாக இருக்கிறதே?

இரைப்பையின் உட்சவ்வுச் செல்களை நெருக்கிப் பிணைக்கும் புரதம். நல்ல இரைப்பையில் செல்களின் இடுக்கில் மறைந்திருக்கும்; புற்றில் செல்களின் ஒழுங்கு குலைவதால் வெளியே தெரியவருகிறது. புற்றுச் செல்களில் 75 சதவீதமும் அதற்கு மேலும் 2+ அல்லது 3+ நிறமேறினால் பாசிட்டிவ். ஹெர்2 நெகட்டிவ் ஆனவர்களில் சுமார் 38 சதவீதம் பேர் இதில் அடங்குகிறார்கள். இதைக் குறிவைக்கும் ஜோல்பெடுக்சிமாப் என்ற மருந்து, 2024 மார்ச்சில் ஜப்பானிலும் அக்டோபரில் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. முதல் முறை ஏற்றும்போது குமட்டலும் வாந்தியும் கடுமையாக இருக்கும். மருந்தின் இலக்கு நல்ல இரைப்பையிலும் இருப்பதுதான் காரணம். இரைப்பையை முன்பே எடுத்துவிட்டவர்களுக்கு வாந்தி குறைவு.

வீட்டில் மூன்று பேருக்கு வயிற்றுப் புற்று. எங்களையும் சோதிக்கவேண்டுமா?

அவற்றில் எத்தனை பரவல் வகை, என்ன வயதில் வந்தது என்று முதலில் விசாரியுங்கள். செல்லோடு செல்லைச் சேர்த்துப் பிடிக்கும் ஈ-கெடெரின் என்ற புரதம் இல்லாமல் போனால் செல்கள் தனித்தனியாகக் கழன்று இரைப்பைச் சுவருக்குள் நுழைகின்றன. எண்டோஸ்கோபியில் மேடு தெரியாது; சுவர் மட்டும் விறைத்துப்போகும். இந்தப் புரதத்தின் மரபணுக் கோளாறு பரம்பரையாக வருவதை 1998-இல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பம் ஒன்றில் கண்டுபிடித்தார்கள். கோளாறு உறுதியானவர்களுக்குப் புற்று வருமுன்பே இரைப்பை முழுவதையும் எடுத்துவிடும்படி ஆலோசனை சொல்வதுண்டு. அவ்வளவு பெரிய முடிவு என்பதால், ஐ.எச்.சி.யை மட்டும் வைத்து யாரும் அதை எடுப்பதில்லை. ரத்தத்தில் மரபணுச் சோதனை செய்தே தீரவேண்டும்.

கேன்சர் வருமுன் எச்சரிக்கும் புரதம் ஏதாவது உண்டா?

ஓரளவுக்கு உண்டு. குடல் வகைப் புற்று ஒரே நாளில் வருவதில்லை. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியால் நாட்பட்ட அழற்சி, பிறகு சுரப்பிகள் தேய்வது, இரைப்பைச் சவ்வு குடல்சவ்வாக மாறுவது, பிறகு செல்கள் உருக்குலைவது என்று வருடக்கணக்கில் படிப்படியாக வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இலேயே இந்தக் கிருமியைப் புற்று உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. கிருமியின் சில வகைகள் 'காக்-ஏ' என்ற புரதத்தை நம் செல்லுக்குள் ஊசிபோல ஏற்றுகின்றன. அந்த வகைகளால் ஆபத்து அதிகம்.

சுரப்பிகள் தேய்வதை ரத்தத்தில் பெப்சினோஜன் என்ற புரதம் காட்டிக்கொடுக்கும். முதல் வகைப் பெப்சினோஜன் இரைப்பையின் மேற்பகுதிச் சுரப்பிகளில் மட்டும் உண்டாகிறது, இரண்டாம் வகை இரைப்பை முழுக்க. மேற்பகுதி தேய்ந்தால் முதல் வகை குறையும். ஜப்பானில் முதல் வகை மில்லிலிட்டருக்கு 70 நானோகிராம் அல்லது கீழே, இரண்டின் விகிதம் 3 அல்லது கீழே என்றால் எண்டோஸ்கோபிக்கு அனுப்புகிறார்கள். பான்டப்ரசோல் மாதிரி அமிலக்குறைப்பு மாத்திரையை நாள்தோறும் விழுங்குபவருக்கு இந்த எண் தப்பாக ஏறிக்காட்டும். நம் ஊரில் அப்படி விழுங்காதவரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

எல்லா ஆய்வும் ஜப்பான், கொரியாவில் இருந்தே வருகிறது. நமக்குப் பொருந்துமா?

மருந்துக்கான மார்க்கர்கள் பொருந்தும். டோகா போன்ற பெரிய ஆய்வுகள் பல நாடுகளில் நடந்தவை. நோய்ப்போக்குக் கணக்குகளை அப்படியே எடுக்கக்கூடாது. அங்கே பரவலான எண்டோஸ்கோபித் திட்டத்தால் ஆரம்பத்திலேயே பிடிக்கிறார்கள். இங்கே பெரும்பாலோர் முற்றிய பிறகு வருகிறார்கள். இந்தியாவுக்குள்ளேயும் நோய் ஒரே அளவில் இல்லை. மிசோரம்தான் உச்சம். சென்னைப் பெருநகரப் பதிவேட்டை அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1980-களின் தொடக்கத்திலிருந்து நடத்திவருகிறது. அதில் ஆண்களின் புற்றுகளில் இரைப்பை நெடுங்காலம் முன்வரிசையில் இருந்தது.

கே.ஐ.-67, பி53, வி.இ.ஜி.எஃப். எல்லாம் அதிகம் என்றால் ஆயுள் குறைவு என்று இணையத்தில் போட்டிருக்கிறது.

ஒரே மருத்துவமனையில் மெழுகில் புதைத்து வைத்த பழைய திசுக்களை (பிளாக்குகளை) எடுத்து, ஒரு புரதத்துக்குச் சாயமிட்டு, 'அதிகம்', 'குறைவு' என்று பிரித்து வரைபடம் போட்ட கட்டுரைகள் ஏராளம். எங்கே கோடு கிழிப்பது என்பதை முடிவைப் பார்த்தபின் தீர்மானித்தால் எந்தப் புரதமும் மோசமாகத் தெரியும். இந்தக் குறையைச் சரிசெய்யவே 2005-இல் 'ரிமார்க்' என்ற அறிக்கை விதிகள் வந்தன. கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எத்தனை நிணநீர் முடிச்சில் இருக்கிறது, வேறு உறுப்புக்குப் பரவியதா என்ற மூன்றும் சொல்வதைவிடக் கூடுதலாக எதுவும் இந்த மூன்று புரதங்கள் உறுதியாகச் சொல்வதில்லை. அப்பாவின் ரிப்போர்ட்டில் கே.ஐ.-67 60 சதவீதம் என்று பார்த்துவிட்டு நாள் எண்ணாதீர்கள்.

வேறு ஊருக்குப் போகிறோம். எதை எடுத்துப்போகவேண்டும்?

ரிப்போர்ட்டும் ஸ்கேன் சிடியும் மட்டும் போதாது. பாரஃபின் பிளாக்கைக் கேட்டு வாங்குங்கள். மெழுகில் புதைத்த திசுக்கட்டி அது. நல்லபடி வைத்தால் வருடக்கணக்கில் தாங்கும். சாயமிட்ட பழைய சிலைடில் பொதுவாகப் புதிய மார்க்கர் பார்க்கமுடியாது. பிளாக்கிலிருந்து புதிதாகச் சீவவேண்டும். ஒவ்வொரு பரிசோதனையும் சில மைக்ரான் தடிமன் திசுவைத் தின்னும், பயாப்ஸி பிளாக்கில் இருப்பதே கொஞ்சம். ஆகவே ஹெர்2, நான்கு திருத்தப் புரதங்கள், பி.டி.-எல்1, கிளாடின் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சீவிவிடச் சொல்வது திசுவை மிச்சப்படுத்தும். வாங்கும்போது பிளாக்கின் மேல் எழுதியிருக்கும் எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கவுன்ட்டரிலேயே ஒத்துப்பாருங்கள். சட்டைப்பையிலோ காரின் டேஷ்போர்டிலோ வெயில் படும்படி வைக்கவேண்டாம், மெழுகு உருகும்.